பரணில் தூங்கும் கம்ப்யூட்டர்

குப்பையில் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்!

தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒரு பழைய கோட்டை நிற்கிறது. டென்மார்க் நாட்டு வியாபாரிகள் கட்டிய கோட்டை அது. 1620-ம் ஆண்டில், தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று அதைக் கட்டத் தொடங்கினார்கள்.

அப்போது நாயக்கர், டென்மார்க் மன்னருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அது தாளில் எழுதியது அல்ல. தங்கத் தகட்டைப் பனை ஓலைபோல் வெட்டி, அதில் தமிழில் எழுதிய கடிதம்! அந்தப் பொன் ஓலை இன்றும் டென்மார்க் அரசாங்கத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 400 ஆண்டுகள் ஓடிவிட்டன. எழுத்து அழியவில்லை. பழைய எழுத்தில் பழக்கம் உள்ளவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

அதே தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் அச்சுக்கூடம் வைத்தார். பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715-ல் முடித்தார். அந்தப் புத்தகத்துக்கு வயது 300-க்கு மேல். அதையும் இன்று கையில் எடுத்துப் படிக்கலாம்.

இப்போது ஒரு கேள்வி.

1995-ல் ஒரு தாத்தா கம்ப்யூட்டர் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் ஊர்க் கதை, குடும்பக் கதை எல்லாவற்றையும் தமிழில் தட்டச்சு செய்தார். அதை "பிளாப்பி" என்னும் சதுரத் தகட்டில் பத்திரமாக வைத்தார். பேரன் இன்று அதைப் படிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது!

400 ஆண்டு ஓலையைப் படிக்க முடிகிறது. 30 ஆண்டுத் தகட்டைப் படிக்க முடியவில்லை. ஏன்? ஓலையைப் படிக்கக் கண் போதும். தகட்டைப் படிக்க அந்தக் காலத்து எந்திரம் வேண்டும். அந்த எந்திரமோ பரணில் கிடக்கிறது. அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

ஒரே நாளில் வயதாகிவிட்டது

இந்தக் கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் இருக்கிறது.

2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி, உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் "பழசு" ஆகிவிட்டன. அன்றுதான் மைக்ரோசாப்ட் கம்பெனி, "விண்டோஸ் 10"-க்குக் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்பை நிறுத்தியது.

விண்டோஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கி வைக்கும் ஏற்பாடு. அது இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. இன்டர்நெட் வழியாகத் திருடர்கள் அதற்குள் நுழையப் பார்ப்பார்கள். அவர்கள் கண்டுபிடிக்கும் ஓட்டையை அடைக்க, கம்பெனி அவ்வப்போது திருத்தம் அனுப்பும். அந்தத் திருத்தம் இனி வராது என்பதுதான் அறிவிப்பு. வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஓராண்டு தவணை உண்டு என்றும் கம்பெனி சொன்னது.

"அடுத்த விண்டோசுக்கு மாறிக்கொள்ளலாமே?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். "விண்டோஸ் 11" எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏறாது. அதற்குப் புதிய சில்லு வேண்டும். ஏறத்தாழ 2018-க்கு முன் செய்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை அது ஏற்பது இல்லை.

நம் ஊரிலும் இது சின்ன விஷயம் அல்ல. தமிழ்நாடு அரசாங்கம் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு அவை போயின. நெல் மூட்டையும் உழவுச் சாமானும் இருந்த வீட்டில், முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது. அப்போது பிளஸ்-2 படித்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். மடிக்கணினி பல வீடுகளில் மூலையில் கிடக்கிறது.

அதை என்ன செய்வது?

பழசிலும் இரண்டு வகை

பழைய கம்ப்யூட்டரில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, 10 அல்லது 15 வயது ஆனது. இதைச் சரிசெய்தால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

மற்றொன்று, 30 அல்லது 40 வயது ஆனது. இதை வைத்துக்கொண்டு இன்றைய வேலை பார்க்க முடியாது. ஆனால் இதற்குத்தான் மேல்நாடுகளில் மவுசு அதிகம்! அங்கே பழைய காரைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, பளபளவென்று ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அதேபோல் பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்து உயிர் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது ஒரு பொழுதுபோக்கு.

அவர்கள் தேடும் பொருள்களில் முக்கியமானது "ஐ.பி.எம். பி.சி." 1981-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி அமெரிக்காவில் அறிமுகமானது. மேசை மேல் வைக்கும் கம்ப்யூட்டர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று உலகத்துக்குக் காட்டியது அதுதான். ஆரம்ப விலைக்குக் கொடுத்த எந்திரத்தில் இருந்த நினைவகம் வெறும் 16 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது!

1982-ல் வந்த "கமோடோர் 64", இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களுக்காக 1981-ல் வந்த "பி.பி.சி. மைக்ரோ" ஆகியவற்றுக்கும் ரசிகர்கள் உண்டு. பி.பி.சி. மைக்ரோ நம் நாட்டுக்கும் வந்தது. 1984-ல் இந்திய அரசாங்கம் பள்ளி மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் கற்பிக்க ஒரு திட்டம் தொடங்கியது. முதலில் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு இந்த எந்திரம்தான் கொடுக்கப்பட்டது.

வைத்தியம் எப்படி?

பழைய கம்ப்யூட்டர் கையில் கிடைத்தால், ஆர்வத்தில் உடனே சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. அனுபவசாலிகள் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

முதலில் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சின்ன பாட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவதற்காக வைத்தது அது. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் சில வகை பாட்டரிகள் கசியும். கசிந்த திரவம் சுற்றிலும் உள்ள செம்புக் கோடுகளை அரித்துவிடும். ஆகவே பாட்டரியை எடுப்பதுதான் முதல் வைத்தியம்.

அடுத்து, சிறு டப்பாக்கள்போல் நிற்கும் "கெப்பாசிட்டர்"களைப் பார்க்க வேண்டும். தலை உப்பியிருந்தால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைப்பார்கள். ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பவருக்குத் தெரிந்த வேலைதான்.

தரங்கம்பாடி போன்ற கடலோர ஊரில் இன்னொரு எதிரி உண்டு. அது உப்புக்காற்று! சைக்கிள் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் அதே காற்று, கம்ப்யூட்டரின் இணைப்புகளிலும் வேலையைக் காட்டும். டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரம் பட்டால் பிளாப்பியின் காந்தப் பூச்சில் பூசணமும் பிடிக்கும். ஆகையால் இங்கே பழைய எந்திரத்தைத் தரையில் வைக்கக் கூடாது. நன்றாகத் துடைத்து, மூடி, காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

பழைய ஹார்டு டிஸ்க் தேய்ந்துபோயிருந்தால், அதன் இடத்தில் ஒரு சின்ன மெமரி கார்டைப் பொருத்துகிறார்கள். பிளாப்பி ஓடும் இடத்தில், பென் டிரைவ் செருகும் ஒரு கருவியை வைக்கிறார்கள். 40 வயது எந்திரம் அதைப் பிளாப்பி என்றே நம்பி வேலை செய்யும்!

ஓர் எச்சரிக்கை. பழைய டி.வி. போன்ற பெரிய குழாய்த் திரை இருக்கிறதே, அதைத் தெரியாதவர்கள் கழற்றவே கூடாது. உள்ளே பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். தொட்டால் உயிருக்கே அபாயம். அந்த வேலையை டி.வி. மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்.

900 ஆண்டும் 15 ஆண்டும்

"இதெல்லாம் வேலை இல்லாதவர்கள் செய்யும் வேலை" என்று சிலர் நினைக்கலாம். அப்படி அல்ல என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவமே சாட்சி.

1086-ல் இங்கிலாந்து மன்னர் வில்லியம், நாட்டில் உள்ள நிலம், மாடு, ஏர் எல்லாவற்றையும் கணக்கெடுத்து ஒரு பெரிய புத்தகத்தில் எழுதவைத்தார். 900 ஆண்டு நிறைவைக் கொண்டாட, 1986-ல் பி.பி.சி. நிறுவனம் அதேபோல் ஒரு புதிய கணக்கு எடுத்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள். அதைப் புத்தகமாகப் போடவில்லை. லேசர் தட்டில் பதிந்தார்கள். பி.பி.சி. கம்ப்யூட்டரும், அதற்கென்று செய்த தட்டு ஓட்டியும் இருந்தால்தான் படிக்கலாம்.

என்ன ஆயிற்று தெரியுமா? 15 ஆண்டில் அந்த எந்திரங்கள் அநேகமாக மறைந்துவிட்டன. 1086-ம் ஆண்டுப் புத்தகம் படிக்கும் நிலையில் இருந்தது. 1986-ம் ஆண்டுத் தட்டைப் படிப்பார் இல்லை!

கடைசியில் நிபுணர்கள், ஓடும் நிலையில் இருந்த பழைய எந்திரங்களைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றின் உதவியால் தட்டில் இருந்ததைப் பெயர்த்தெடுத்து, இன்றைய கம்ப்யூட்டரில் காட்டும் வழியை 2002-ல் கண்டார்கள். பழைய எந்திரம் ஒன்றுகூட மிஞ்சாமல் போயிருந்தால், பத்து லட்சம் பேரின் உழைப்பும் ஊமையாகவே போயிருக்கும்.

தமிழின் கதை

தமிழுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

கம்ப்யூட்டரில் தமிழை ஏற்றியவர்கள் பல தேசத்தில் இருந்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் "முரசு" மென்பொருளை உருவாக்கினார். கனடாவில் சீனிவாசன் "ஆதமி"யைச் செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி "கணியன்" கொண்டுவந்தார். அரசாங்க உத்தரவுக்குக் காத்திராமல், தாய்மொழி மேல் இருந்த ஆசையால் செய்த காரியம் அது.

ஆனால் ஒரு குறை இருந்தது. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். "அ" என்றால் ஓர் எண், "ஆ" என்றால் ஓர் எண் என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண்ணைக் கொடுத்தார்கள். ஒருவர் வீட்டில் "அ" என்று தெரிந்தது, அடுத்தவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் கொம்பும் புள்ளியும் வைத்த வெளிநாட்டு எழுத்தாகத் தெரிந்தது!

இதைச் சரிசெய்ய 1997-ல் சிங்கப்பூரிலும், 1999-ல் சென்னையிலும் அறிஞர்கள் கூடினார்கள். 1999-ல் தமிழ்நாடு அரசாங்கம் "தமிழ் 99" விசைப்பலகையையும், எழுத்துகளுக்கான எண் வரிசையையும் அறிவித்தது. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான "யூனிகோடு" முறையில் தமிழ் 1991-லேயே இடம் பெற்றிருந்தது. தமிழ்நாடு அரசாங்கம் அதை 2010-ல் ஏற்றது. இன்று உங்கள் கைப்பேசியில் தமிழ் தெரிவது அந்த முறையால்தான்.

ஆனால் அதற்கு முன் எழுதியவை? சுமார் 25 ஆண்டுகள் அச்சகங்களிலும், பத்திரிகைகளிலும், வீடுகளிலும் பழைய முறையில் தட்டச்சு செய்தவை ஏராளம். கலியாணப் பத்திரிகை முதல் ஆராய்ச்சி நூல் வரை அதில் உண்டு. அவற்றை மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் மாற்றுவதற்கு முதலில் பிளாப்பியில் இருந்து வெளியே எடுக்க வேண்டும். எடுக்கப் பழைய எந்திரம் வேண்டும். எந்த எழுத்துருவில் எழுதினார்கள் என்பதும் தெரிய வேண்டும். அதுவும் பெரும்பாலும் அந்த எந்திரத்துக்குள்ளேதான் இருக்கும்!

எழுதியது தகட்டில் இருக்கிறது. அதைப் பூட்டித் திறக்கும் சாவி பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. சாவியை எடைக்குப் போட்டுவிட்டால் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன பயன்?

ஈய மூடி எழுத்தானது

"அது சரி, எங்கள் வீட்டில் பிளாப்பி எல்லாம் இல்லை. பிள்ளையின் மடிக்கணினிதான் கிடக்கிறது" என்கிறீர்களா? அதற்கும் தரங்கம்பாடியிலேயே வழி இருக்கிறது.

1713-ல் சீகன்பால்குக்கு ஜெர்மனியில் இருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. ஆனால் எழுத்து மிகப் பெரியது. அதை வைத்து அச்சிட்டால் காகிதம் போதாது. சிறிய எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். ஈயத்துக்கு எங்கே போவது?

இங்கிலாந்தில் இருந்து பாலாடைக்கட்டி டப்பாக்கள் வந்திருந்தன. அவற்றின் மூடி ஈயத்தால் ஆனது. அந்த மூடிகளை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சிறிய தமிழ் எழுத்துகளை வார்த்தார்கள்! பக்கத்துப் பொறையாரில் காகித ஆலை ஒன்றும் அமைத்தார்கள். தமிழ்ப் புத்தகம் 1578-லேயே கொல்லத்தில் அச்சாகியிருந்தது. ஆனால் எறிய வேண்டிய மூடியைத் தமிழ் எழுத்தாக்கிய பெருமை தரங்கம்பாடிக்கு உண்டு.

மூலையில் கிடக்கும் மடிக்கணினிக்கும் அதே யோசனைதான்.

அது ஆமைபோல் ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். அதை எடுத்துவிட்டு, "எஸ்.எஸ்.டி." என்னும் சுழலாத டிஸ்க்கைப் பொருத்தினால் வேகம் பல மடங்கு கூடும். இடம் இருந்தால் நினைவகத்தையும் கூட்டலாம். 2 ஜி.பி. இருந்தால் 4 ஆக்கலாம். இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு, புதிய மடிக்கணினி விலையில் ஒரு சிறு பங்குதான்.

விண்டோசுக்குப் பதில் "லினக்ஸ்" போடலாம். அது இலவசம். "லினக்ஸ் மிண்ட்", "லுபுண்டு" போன்றவை பழைய எந்திரத்திலும் ஓடும். அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தமும் வருகிறது. தமிழிலும் எழுதலாம். பிள்ளைகள் பாடம் படிக்க, கணக்கு எழுத, கடிதம் தட்ட இது தாராளமாகப் போதும்.

ஆனால் ஜாக்கிரதை! திருத்தம் நின்றுபோன பழைய விண்டோசை வைத்துக்கொண்டு பாங்குக் கணக்கைத் திறக்கக் கூடாது. 30 வயதுக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைக்கவே கூடாது. அது பழையதைப் படிக்கத்தான்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியும் என்றும் சொல்வதற்கு இல்லை. தாய்ப்பலகை எரிந்துபோன எந்திரத்துக்குச் செலவு செய்வது வீண். அதன் உதிரிப் பாகங்களை இன்னொன்றுக்கு உபயோகிக்கலாம்.

மண்ணில் விழும் விஷம்

எதற்கும் உதவாது என்று தெரிந்தால்? அப்போதும் குப்பைமேட்டில் எறியக் கூடாது.

2022-ம் ஆண்டில் உலகம் எறிந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. சபையின் அறிக்கை சொல்கிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுபடி பயன்படுத்தியதாகக் கணக்கில் வந்தது 100-க்கு 22 பங்குதான்.

பழைய குழாய்த் திரையின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. அன்று எழுத்தான அதே ஈயம், வாய்க்காலில் விழுந்தால் விஷம்! செம்புக்கு ஆசைப்பட்டுக் கம்பிகளைத் தெருவில் கொளுத்தினால் வரும் புகை, சுவாசிக்கும் குழந்தைகளைக் கெடுக்கும். காவிரித் தண்ணீரும் வயலும் வாழ்வாக இருக்கும் பூமியில் இதை அலட்சியம் செய்ய முடியுமா?

2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் மத்திய அரசாங்கத்தின் புதிய மின்னணுக் கழிவு விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பழைய சாமான்கள் முறைப்படி மறுசுழற்சி ஆவதற்குத் தயாரிக்கும் கம்பெனிகளே பொறுப்பு என்று அவை சொல்கின்றன. 2022 டிசம்பரில், "பழுது பார்க்கும் உரிமை"க்காக மத்திய அரசாங்கம் ஓர் இணையத்தளமும் தொடங்கியது. பழுது பார்க்கும் விவரங்களைக் கம்பெனிகள் மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இது நல்ல ஆரம்பம். ஆனால் இது மட்டும் போதாது. இன்று வரும் பல மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னால் கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. நிறத்தையும் விலையையும் விசாரிப்பதோடு, "இதைத் திறந்து பழுது பார்க்க முடியுமா?" என்றும் கடையில் கேட்க வேண்டும். பத்துப் பேர் கேட்டால் கம்பெனியின் காதில் விழும்.

முதலில் செய்ய வேண்டியது

தரங்கம்பாடிக் கோட்டை 400 ஆண்டுகளாகக் கடலோடு போராடுகிறது. அலை அந்த ஊரின் கரையைத் தின்றிருக்கிறது. 2004-ல் சுனாமியும் வந்தது. ஆனாலும் கோட்டை நிற்கிறது. காரணம், அவ்வப்போது பூச்சு உதிர்ந்த இடத்தைப் பூசினார்கள். "பழசாகிவிட்டது, இடித்துவிடு" என்று சொல்லவில்லை.

வீட்டில் உள்ள பழைய கம்ப்யூட்டருக்கும் அந்தக் கவனம் வேண்டும். அடுத்த முறை பழைய இரும்புக்காரர் தெருவில் மணி அடிக்கும்போது அவசரப்பட வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா எழுதிய கணக்கு இருக்கலாம். இறந்துபோன அம்மாவின் புகைப்படம் இருக்கலாம். அக்காளின் கலியாண வீடியோ இருக்கலாம். தெரிந்தவரிடம் கொடுத்து, இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள்.

பிறகு முடிவு செய்யுங்கள், ஓட்டுவதா, கொடுப்பதா, கழிப்பதா என்று.

ரகுநாத நாயக்கர் தங்கத்தில் எழுதினார். நம்மால் அது முடியாது. எழுதியதைப் பேரப்பிள்ளைகள் படிக்கும்படி வைத்துவிட்டுப் போவது மட்டும் நம்மால் முடியும்!